மூன்றாம் கதவு

மரிய சுகந்தி பயந்த சுபாவக்காரி என்பது அவள் தெருவுக்கு மட்டுமல்ல, பாகூர் ரோட்டில் அவள் வேலை பார்த்த இறால் கம்பெனிக்கும் தெரிந்த சங்கதி. பல்லி விழுந்தால் பயம். இடி இடித்தால் பயம். ஸ்கூட்டரில் போகும்போது எதிரே கரும்பு டிராக்டர் வந்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, அது போய் மறையும்வரை நின்று, பிறகுதான் கிளம்புவாள். அப்படிப்பட்டவளுடைய தொண்டையைப் பிடித்துத்தான் 'பயப்படாதீங்க' என்று சொல்ல வைத்தார்கள். ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்.

கம்பெனியில் இறாலை உரித்து, கழுவி, பெரிய பெரிய ஃப்ரீசர்களில் கல்லாக உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். உறைய வைக்கிற வேலையைச் செய்வது அமோனியா வாயு. கூடத்தின் கூரையோரமாகக் குழாய் குழாயாக ஓடும். குழாய்க்குள் இருக்கும்வரை அது சாதுவான பொருள். வெளியே வந்துவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது, மூச்சை இழுத்தால் நெஞ்சு வெந்து போகும்.

முதலாளி சிவப்பிரகாசம் இரண்டு வருடத்துக்கு முன்பு சென்னையிலிருந்து கலைவேந்தன் என்ற இன்ஜினியரை வரவழைத்து எக்ஸ்பர்ட் சிஸ்டம் ஒன்றைப் போட்டார். இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களை உட்கார வைத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டு, 'இது நடந்தால் அதைச் செய்' என்று அவர்கள் புத்தியையெல்லாம் விதி விதியாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். எந்தச் சரக்கு எந்த ஃப்ரீசருக்கு, எந்த லாரி முதலில், யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்யும். வாயு கசிந்தால் எந்த வழியாக ஆட்கள் ஓட வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். இறால் உரிக்கிற பெண்கள் அதற்கு 'எஸ்பட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய மாமியார் மாதிரி அதற்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது.

அதோடு கூடவே வந்தது வி.ஆர். கண்ணாடி. கண்ணாடி என்று சொன்னாலும் முகத்தையே மூடுகிற ஒரு பெட்டி அது. மாட்டிக்கொண்டால் அதே கூடம், அதே ஃப்ரீசர்கள், அதே குழாய்கள் எல்லாம் உள்ளே தெரியும். குழாய் வெடிக்கும், வெள்ளைப் புகை பரவும், எஸ்பட்டு வழி சொல்லும். நாம் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் கை வைத்து, சொன்ன வழியில் நடந்து கதவைத் திறக்க வேண்டும். வாரா வாரம் எல்லாரும் இந்தப் பயிற்சியில் தேற வேண்டும். தேறாதவர் பெயரை எஸ்பட்டு ஷிஃப்டில் சேர்க்காது.

முதலில் எஸ்பட்டுக்குச் சென்னைக்காரப் பெண்மணி ஒருவர் குரல் கொடுத்திருந்தார். "ஊழியர்கள் அனைவரும் அருகிலுள்ள வெளியேறும் வழியை நாடவும்" என்று அது முழங்கியபோது செல்வகுமாரி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி இது, நியூஸ் வாசிக்கிறாங்களா? இத்தக் கேட்டுக்கினு நின்னா அதுக்குள்ள செத்தே பூடுவோம்."

செல்வகுமாரி இறால் உரிக்கும் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அவள் சொன்னால் சொன்னதுதான். ஊர்க்காரி ஒருத்தியின் குரல் வேண்டும் என்று கலைவேந்தன் தேடினான். கண்ட்ரோல் ரூமில் எஸ்பட்டின் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் சுகந்தி. பயிற்சி கொடுப்பதும் அவள்தான். அவளை உட்கார வைத்துப் பேசச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் குரல் நடுங்கியது. கடைசியில் அவன் கேட்டான், நீங்கள் எங்கேயாவது பதறாமல் பேசியது உண்டா என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பேன் சார், அப்போது மட்டும் நடுங்காது என்றாள். அப்படியானால் அந்தக் குரலில் சொல்லுங்கள் என்றான்.

அவள் சொன்னாள். "பயப்படாதீங்க. கண்ண மூடிக்கங்க. எடது கைய சுவத்துமேல வைங்க. மெதுவா நடங்க." கலைவேந்தன் அதை அப்படியே பதிவு செய்துகொண்டான். அவ்வளவு நிதானம். அது தன் குரல்தான் என்று சுகந்தியாலேயே நம்ப முடியவில்லை.

பயிற்சியில் இன்னொரு பாடமும் இருந்தது. புகைக்கு நடுவே தலைவிரி கோலமாக ஒரு பெண் ஓடிவருவாள். "இங்க வாங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று அலறுவாள். அவள் பின்னால் போனால் தோற்றீர்கள். அவள் பின்னால் போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தால் கூடுதல் மார்க். "பதறுறவங்க பேச்ச கேக்காதீங்க. பொறுமையா பேசுற குரலக் கேளுங்க" என்று சுகந்தி ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஏற்றுமதிச் சரக்கு அடுத்தடுத்துத் திரும்பி வந்தது. சிவப்பிரகாசம் எக்ஸ்பர்ட் சிஸ்டத்தைக் கேட்டார், அது உப்பு, தண்ணீர், குளிர் என்று என்னென்னவோ காரணம் சொல்லியது. அவருக்குத் திருப்தி இல்லை. மதகடிப்பட்டிலிருந்து வாஸ்துக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் கூடத்தைச் சுற்றி வந்து, ஃப்ரீசர்களுக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான சந்துக்குள் போய், அதன் கோடியில் இருந்த இரும்புக் கதவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதுதான் மூன்றாம் கதவு. ஆபத்துக்கு என்று வைத்த கதவு. அது தென்மேற்கில், கன்னி மூலையில் இருந்தது. அங்கே வாசல் ஆகாதாம்.

ஆயுத பூஜை லீவு முடிந்து ஆட்கள் வந்தபோது வடகிழக்கே ஈசானிய மூலையில் புதிதாக ஒரு ஷட்டர் வாசல் இருந்தது. பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் காயவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலாளிமார் கட்டுவதும் இடிப்பதும் சகஜம்தானே.

சுகந்தி மட்டும் வழக்கப்படி கண்ணாடியை மாட்டிச் சோதித்துப் பார்த்தாள். புகை வந்தது, அவள் குரல் வழி சொன்னது, சந்துக்குள் போனாள், மூன்றாம் கதவு அழகாகத் திறந்தது, பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கி நிஜமான சந்துக்குள் போனாள். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. மற்ற சுவருக்கு அடித்த அதே வெளிர்பச்சைப் பெயிண்ட். கையை வைத்தாள், ஈரம். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி அறைக்குப் போகவே அவளுக்கு இரண்டு நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

"சார், மூணாம் கதவ அடச்சிட்டீங்க. சிஸ்டத்துல அது இன்னும் இருக்குது சார். ஆபத்துன்னா அங்கதான் போவச் சொல்லும்."

"அதான் புது வாசல் தொறந்துருக்கேனே."

"அது எஸ்பட்டுக்குத் தெரியாது சார். புது பிளான் அனுப்புனாத்தான் மாத்துவாங்களாம். கலைவேந்தன் சார்கிட்ட போன்ல கேட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டுத் தரணுமாம்."

சிவப்பிரகாசம் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கையெழுத்து என்றதும் முகம் மாறிவிட்டது. புது பிளான் என்று ஒன்று காகிதத்தில் ஏறினால், ஆபத்து வழியை ஏன் அடைத்தாய் என்று கேட்க ஆட்கள் வருவார்கள். "இன்னாம்மா நீ, எப்பப் பாத்தாலும் எதுனா ஒண்ணுக்கு நடுங்கிக்கினே இருக்க. இத்தினி வருஷத்துல ஒரு பொட்டு கேஸு கசிஞ்சிருக்குதா? போ, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அவள் சுவரில் அம்புக்குறி வரைந்து ஒட்டினாள். சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று அதைக் கிழித்தார்கள். பயிற்சியின்போது, மூன்றாம் கதவுக்குப் போகாதீர்கள், புது வாசலுக்குப் போங்கள் என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் புது வாசல் ஏது? போனவர்கள் சுவரில் முட்டித் தோற்றார்கள். செல்வகுமாரிக்கு அந்த வார ஷிஃப்ட் போனது.

"ஒன் பேச்ச கேட்டு எனக்கு ஒரு வார வேல பூடுச்சிடி. நீ வந்து எங்கூட்டுல உல வைப்பியா?" என்று எல்லார் முன்னாலும் கிழித்துவிட்டாள். அதோடு சுகந்தி வாயை மூடிக்கொண்டாள். வாரா வாரம் அவர்கள் முகத்தில் அந்தப் பெட்டியை மாட்டி, இல்லாத கதவை நோக்கி நடக்கப் பழக்கினாள். இத்தனைக்கும் நிஜத்தில் அந்தக் கதவை யாரும் ஒருநாள்கூடத் திறந்தது கிடையாது. கண்ணாடிக்குள்தான் நூறு தடவை திறந்திருக்கிறார்கள். கால் பழகிய வழி அதுதான்.

அவளுடைய பயம் முழுவதும் ஒரே ஆளைப் பற்றியது. யூஜின், அவள் தம்பி. அம்மா போன பிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன். வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை அவள்தான் முதலாளியிடம் கெஞ்சி ஃப்ரீசர் ஆளாகச் சேர்த்துவிட்டாள். பயிற்சியில் அவனை அடிக்க ஆளில்லை. அவனுக்கு அது ஒரு விளையாட்டு. கூட வேலை செய்யும் அரிகரனோடு பந்தயம் கட்டி ஆடுவான்.

"மூணாம் கதவு இப்ப இல்லடா. மறந்துடாத" என்று காலையில் கஞ்சி ஊற்றும்போது சொல்வாள்.

"தெரியும்க்கா. நான் இன்னா குருடா?"

"கேஸு கசிஞ்சா கண்ண தொறக்க முடியாதுடா."

"சரிக்கா, சரி. கஞ்சிய ஊத்து."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் அது. சிவப்பிரகாசம் திருக்கனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மேலே கண்ட்ரோல் ரூமில் சுகந்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று திரை முழுவதும் சிவப்பாகியது. என்னவென்று அவள் படிப்பதற்குள் கீழே எஸ்பட்டு பேச ஆரம்பித்துவிட்டது.

"பயப்படாதீங்க. கண்ண மூடிக்கங்க. எடது கைய சுவத்துமேல வைங்க."

அவளுடைய குரல்.

கேமராவில் பார்த்தாள். மெயின் வாசல் பக்கம் குழாய் விட்டுப்போய் வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்தது. அந்த வழியாக யாரும் போக முடியாது. இரண்டாம் கதவும் அதன் பக்கத்திலேயே. எஸ்பட்டு தன் விதிப்படி சரியாகத்தான் கணக்குப் போட்டது. கசிவு கிழக்கே, காற்று இப்படி, ஆகவே மேற்கே போ. "மூணாம் கதவுக்கு மெதுவா நடங்க" என்றது.

புகைக்குள் ஆட்கள் வரிசை பிடிப்பது மங்கலாகத் தெரிந்தது. கண்ணை மூடி, இடது கையைச் சுவரில் வைத்து, முன்னால் போகிறவர் தோளை வலது கையால் பிடித்து, ஒரு பிசகில்லாமல் நடந்தார்கள். அவள் சொல்லிக் கொடுத்தது அத்தனையும் செய்தார்கள். எல்லாருக்கும் முன்னால் யூஜின்.

சுகந்தி மைக் பொத்தானை அழுத்தினாள். அழுத்திக்கொண்டிருக்கும்வரை எஸ்பட்டின் குரல் அடங்கும். "போவாதீங்க! அய்யோ, அங்க கதவு இல்ல! சுவருடா! யூஜின், டேய் யூஜின், திரும்பி வாடா! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

வரிசை நின்றது. செல்வகுமாரி திரும்பினாள், இரண்டு பெண்கள் அவளோடு திரும்பினார்கள். சுகந்திக்குப் போன உயிர் வந்தது. பொத்தானை விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். தீயணைப்புக்கு அடித்தாள், விஷயத்தைச் சொன்னாள். முதலாளிக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது. கல்யாண மேளத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது.

பொத்தானை விட்ட அந்தக் கணமே கீழே எஸ்பட்டு தொடங்கிவிட்டது. "பயப்படாதீங்க. மூணாம் கதவுக்கு மெதுவா நடங்க." அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தபோது யூஜின் வரிசையை விட்டு வந்து, திரும்பிய செல்வகுமாரியின் கையைப் பிடித்துச் சந்துப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். பதறுகிறவர் பின்னால் போகிறவனைக் காப்பாற்றினால் கூடுதல் மார்க்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புகைக்கு நடுவே அலறுகிற அந்தத் தலைவிரி கோலப் பெண் இப்போது அவளேதான். இனி அவள் எவ்வளவு கத்துகிறாளோ அவ்வளவு உறுதியாக அவர்கள் சுவரை நோக்கிப் போவார்கள்.

நாற்றம் மேலே வரைக்கும் ஏறிவந்து கண் எரிந்தது. பக்கத்து அறையில் இருந்தவர்கள் படியில் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் ஓட வேண்டும் போல்தான் இருந்தது. மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முணுமுணுத்தது. அந்த முணுமுணுப்பில்தான் வாசகம் வாசிக்கிற மேடை ஞாபகம் வந்தது.

எஸ்பட்டு வழியை மாற்றுவதென்றால் முதலில் ஒரு மணியடிக்கும், பிறகு 'கவனிங்க, வழி மாறுது' என்று சொல்லும். சொன்னவளுக்குத் தெரியாதா? டீ டம்ளரில் மிச்சமிருந்ததைத் தரையில் ஊற்றினாள். பொத்தானை அழுத்தினாள். மைக்குக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்து, இன்னொரு கையில் இருந்த பேனாவால் ஒரு தட்டுத் தட்டினாள். மூச்சை அடக்கினாள். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் மைக்கில் கேட்டுவிடுமோ என்றுகூடப் பயந்தாள்.

"கவனிங்க. வழி மாறுது" என்றாள்.

வாசகக் குரல். எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது. வரிசை நின்றது.

"திரும்புங்க. வலது கைய சுவத்துமேல வைங்க. மெதுவா நடங்க."

திரும்பினார்கள்! ஆனால் அவர்களை அவள் எங்கே கூப்பிடுகிறாள்? புகை அடர்த்தியாக இருக்கிற பக்கமாக. ஈசானிய மூலைக்குப் போக வேண்டுமென்றால் கூடத்தின் நடுவைத் தாண்டியாக வேண்டும். திரையில் வாயுவின் அளவு ஏறிக்கொண்டே போனது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. புது வாசல் ஷட்டருக்கு முதலாளி பூட்டுப் போட்டு வைப்பார். நல்ல நேரம் பார்த்துச் சரக்கு ஏற்றும்போது மட்டும்தான் திறப்பார்கள். காலையில் சரக்கு ஏறியது. அதற்குப் பிறகு வாட்ச்மேன் பூட்டினானா இல்லையா? அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் கேமராவும் கிடையாது. பூட்டியிருந்தால், சுவரிலிருந்து திருப்பிக் கூட்டிவந்து பூட்டிய ஷட்டரில் கொண்டுபோய் நிறுத்தி அத்தனை பேரையும் கொன்றவள் அவளாக இருப்பாள்.

இது எதுவும் குரலில் தெரியக்கூடாது. "மூச்ச மெதுவா வுடுங்க. ஃப்ரீசர் முடிஞ்சதும் ஒரு மேடு வரும். மேட்டுல ஏறுங்க" என்று சொன்னாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து மைக்கில் சொட்டியது. "எதுக்க ஷட்டர் இருக்கும். குனிஞ்சி அடியில கை வுட்டுத் தூக்குங்க."

இப்போது வரிசைக்கு முன்னால் அரிகரன் இருந்தான். அவன் புகைக்குள் மறைந்தான். அவன் பின்னால் ஒவ்வொருவராக மறைந்தார்கள். சுகந்தி பொத்தானை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. விரல் மரத்துப்போய்விட்டது.

வெளியே ஷட்டர் ஏறுகிற கரகர சத்தம் கேட்டது. பூட்டவில்லை. மழை என்று வாட்ச்மேன் சோம்பல்பட்டுப் பூட்டாமல் விட்டிருக்கிறான். பொத்தானை விடாமலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மழையில் ஆட்கள் விழுந்து எழுந்து ஓடினார்கள், இருமினார்கள், வானத்தைப் பார்த்து முகத்தை நீட்டினார்கள். செல்வகுமாரி, அரிகரன், பெண்கள் எல்லாரும். யூஜின் இல்லை.

திரைப் பக்கம் திரும்பினாள். சந்துக் கேமராவில் அவன் இருந்தான். செல்வகுமாரியைத் திருப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்போம் என்று முன்னால் ஓடியிருக்கிறான் போல. மணிச் சத்தம் அவன் காதில் விழவில்லையோ, விழுந்தும் நம்பவில்லையோ. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவரில் கைப்பிடியைத் தேடினான். விளையாட்டில் கைப்பிடி இருக்கும் உயரத்திலேயே, இரண்டு கையாலும், மேலும் கீழும் தடவித் தடவித் தேடினான். நடுவில் ஒருமுறை முழங்கால் மடங்கிச் சரிந்து, மறுபடி எழுந்தான்.

'யூஜின்' என்ற பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூப்பிட்டால் போச்சு. எஸ்பட்டு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது. பெயரைக் கேட்டால் இது அக்கா, பயந்தாங்கொள்ளி அக்கா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் அந்தச் சுவரை விடமாட்டான்.

டம்ளரைத் தட்டினாள்.

"கவனிங்க. வழி மாறுது" என்றாள். பிறந்ததிலிருந்து வாடா போடா என்று மட்டுமே கூப்பிட்ட தம்பியைப் பார்த்து, "திரும்புங்க" என்றாள். "கைப்பிடிய வுடுங்க. வலது கைய சுவத்துமேல வைங்க. மெதுவா நடங்க."

அவன் நின்றான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"திரும்புங்க" என்றாள் மறுபடியும். உள்ளே அவள் கதறிக்கொண்டிருந்தாள். வெளியே குரல் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருந்தது. "வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச தூரந்தான். வாங்க."

அவன் வலது கையைச் சுவரில் வைத்தான். நடந்தான். புகைக்குள் மறைந்தான். மேட்டில் தடுக்கி விழுந்து ஊர்ந்தானாம். ஷட்டருக்கு வெளியே அரிகரன் அவன் சட்டையைப் பிடித்து மழையில் இழுத்துப் போட்டான். அதுவரைக்கும் சுகந்தி பேசிக்கொண்டேயிருந்தாள். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்த பிறகுதான் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். யாருமில்லாத கூடத்தில் எஸ்பட்டு மூன்றாம் கதவுக்கு வழி சொல்ல ஆரம்பித்தது. அவள் மேஜைக்கு அடியில் குனிந்து வாந்தியெடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் யூஜினுக்கு இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பார்வை போகாது, கட்டுப் பிரிக்க நாளாகும் என்று டாக்டர் சொன்னார். மற்றவர்களுக்குத் தொண்டை எரிச்சலோடு போயிற்று. மறுநாள் சிவப்பிரகாசம் பழக்கூடையோடு வந்தார். ஈசானிய வாசல் காப்பாற்றியதையும், சிஸ்டம் கடைசி நேரத்தில் வழியை மாற்றிச் சொன்னதையும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

"சிஸ்டம் மாத்தல சார். நான்தான் சொன்னேன். அந்தச் சுவத்த இடிங்க சார். இடிக்கிறவரைக்கும் நான் யாருக்கும் அந்தக் கண்ணாடிய மாட்டமாட்டேன்" என்றாள் சுகந்தி. சொல்லும்போதே குரல் உடைந்தது.

"அதிர்ச்சியில இருக்கம்மா நீ. ரெண்டு நாளு ரெஸ்ட் எடு" என்று அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் யூஜின் மெல்லச் சிரித்தான்.

"இன்னாக்கா, எஸ்பட்டு பண்ணத நீ பண்ணேன்ற? நீ மைக்கப் புடிச்சிக் கத்துனது எனக்குக் கேட்டுச்சி. அதக் கேட்டுதான் செல்வகுமாரி அக்கா தடுமாறிடுச்சி. எஸ்பட்டு மட்டும் வழி மாத்தலன்னா அவ்ளோதான் நாங்க. அது ஒன் குரல்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அது ரெக்கார்டிங்கு. நீ என்னிக்கு என்ன வாங்க போங்கன்னு கூப்புட்டிருக்க?"

சுகந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டுக்குக் கீழே உதடு வெடித்திருந்தது. அவள் முதுகை நிமிர்த்தி, மூச்சை இழுத்து அடக்கினாள்.

"கவனிங்க. வழி மாறுது" என்றாள். "திரும்புங்க. வலது கைய சுவத்துமேல வைங்க."

யூஜினின் வலது கை தானாக எழுந்து, கட்டிலோரச் சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. உடம்பு பாதி எழுந்துவிட்டது. அப்புறம்தான் அவனுக்குத் தெரிந்தது. கை சுவரிலேயே இருக்க, சிரிப்பு போய்விட்டது.

"அக்கா."

"ம்."

"நீயா அது?"

"நான்தாண்டா."

அவள் சுவரிலிருந்து அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கதவுக்குப் போவச் சொன்னதும் ஒன் குரல்தான், திரும்பச் சொன்னதும் ஒன் குரல்தான்" என்றான் அவன். "இன்னொரு நாளு இது மாதிரி ஆச்சுன்னா, எது நீன்னு எனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

அவளுக்கு வாசகக் குரல் வரவில்லை. வரவழைக்கவும் பிடிக்கவில்லை.

"நடுங்குறது எதுவோ, அதாண்டா நான்" என்றாள்.